வரும் என்று எழுதிய குழிகள்

ஆழ்துளைக் கிணறு போடும் பாறைவலசு போர் வண்டிக்காரர்கள் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது. ஆயிரம் அடி இறங்கி, ஐம்பது இரும்பு ராடும் பூமிக்குள் போய், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் கல்மாவு மட்டும் புகையாகக் கிளம்பி, பக்கத்துத் தென்னையெல்லாம் திருநீறு பூசியதுபோல வெளுத்து நின்றாலும், வண்டிக்காரர் கைகால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்து, இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண்ணையும் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஆணையும் ஒருதரம் பார்த்து, ‘வரும்’ என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். அடுத்தவர் நிலத்தில் நின்றுகொண்டு இல்லை என்று சொன்னால் நிலத்தின் காதில் விழுந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. முழுக்க இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் ‘வரும்’ என்று சொல்லும் யோக்கியதை உண்டு என்பதும் அவர்கள் வழக்கம், அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றாலும்.

நாற்பது வண்டிகளுக்கும் பொதுவாக ஒரு பட்டியல் இருந்தது. ஒருவர் தோற்ற இடத்தில் இன்னொருவர் போய் ஏமாறக்கூடாது என்பதற்காகச் வண்டிக்காரர் சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் அதை உண்டாக்கி, பதினாலு வருஷமாகப் பிள்ளைபோல வளர்த்து வந்தவள் அங்கே வேலை பார்த்த கோகிலவாணி. எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை ராடு, எத்தனை அடி என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம் தண்ணீர் எத்தனை இஞ்சு என்பது. கிடைத்த குழிகளுக்கு இரண்டு, மூன்று என்று எண் போடுவாள். கிடைக்காத ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குழிகளுக்கும் ‘வரும்’ என்று சொல்லைத் தட்டியிருந்தாள். பட்டியலைச் சரிபார்க்கும் பழைய விதிகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பந்தி வாசலில் நின்று வருகிறவரையெல்லாம் கும்பிட்டு உள்ளே அனுப்பும் பெரியப்பாவைப்போல, எதைக் கொடுத்தாலும் சரி சரி என்று வாங்கி வைத்துக்கொண்டன.

அந்த வருஷம் ஏழு மாவட்டத்துச் சங்கங்களும் ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பு ஆனபோது, எல்லாப் பட்டியலும் புதிய சரிபார்ப்பு விதிகளுக்கு மாறவேண்டும் என்று உத்தரவு வந்தது. புதிய விதிகள் வேறு மாதிரி. வாசலிலேயே நிறுத்தி, நீ யார் வீட்டுப் பையன், எந்த வழியில் உறவு என்று துருவித் துருவிக் கேட்கும் அத்தை மாதிரி. இஞ்சுக் கட்டத்தில் எண் மட்டும்தான் இருக்கலாம், சொல் கூடாது, வெறுமனே விடவும் கூடாது. பூஜ்யம் போடலாம், ஆனால் பூஜ்யம் போட்ட குழியை மூடி போட்டு அடைத்துவிடவேண்டும்.

“பூஜ்யம்னு போட்டா இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிரும் கண்ணு,” என்றார் சங்கத்தின் செயலாளர் அர்த்தநாரி. அவர் கோகிலவாணியின் கூடப்பிறந்த அண்ணன்; சொந்தமாக ஒரு போர் வண்டியும் வைத்திருந்தார். “ஒண்ணுன்னு போட்டுரு. ஒரு இஞ்சுங்கறது ஒரு மருவாதிக்கு. யாரு மனசும் நோகாது.”

“சரிங்ண்ணா,” என்று அவள் ‘வரும்’ இருந்த இடத்திலெல்லாம் ஒன்று போட்டுச் சரிபார்ப்புக்கு அனுப்பினாள். ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று தேறின. ஒன்று நிராகரிக்கப்பட்டது. எங்கோ எண் தவறியிருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் காலையில் ஆயிரத்து முந்நூற்றுப் பதினொரு குழிகளிலும் தண்ணீர் வந்தது. வாய்வரைக்கும் ஏறி, குழாய் விளிம்பைத் தாண்டி, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் சரியாக ஒரு இஞ்சுக் கனத்தில் வழிந்தது. பாறைக் கரட்டு உச்சியில் வந்தது, மாட்டுக் கொட்டகைக்குள் வந்தது. பஸ் ஸ்டாண்டில் தோற்றுப்போன குழியின் மேல் பலகைக்கல்லைப் போட்டு அதன்மேல் டீக்கடை வைத்திருந்தவர், கல் ஈரமாக இருப்பதைப் பார்த்து அதை நகர்த்திவிட்டு அந்தத் தண்ணீரிலேயே கிளாஸ் கழுவினார். குழியை மூடி அதன்மேல் வீடு கட்டிக்கொண்ட வாத்தியார் வீட்டில் படுக்கையறை நடுவே பொங்கியது. அவர்கள் கட்டிலை ஒருபக்கம் தள்ளிப் போட்டு, ஒரு டிரம்மை வைத்து, ஓட்டில் ஒழுகும் மழையைச் சமாளிப்பதுபோலச் சமாளித்துக்கொண்டார்கள்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. வரும் என்றார்கள், வந்தது. இவ்வளவு தாமதமாக வந்ததே என்று குறைபட்டவர்கள்தான் அதிகம். ஏற்கெனவே மூன்று இஞ்சுக் கிணறு வைத்திருந்த பண்ணையக்காரர்கள் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார்கள். ஒரு அதிகாரி வந்து அளவுகோலை வைத்துப் பார்த்து, ஒரு இஞ்சு, விதிப்படி சரி என்று எழுதிக்கொண்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு யாரோ தினமும் குங்குமம் வைத்துவிட்டுப் போக, கோகிலவாணி தினமும் ஈரத்துணியால் துடைத்தாள். வண்டிக்காரர்களுக்குத்தான் தாங்கமுடியாத மரியாதை வந்துவிட்டது. பரீட்சை எழுதிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும், பெண் அமையாத மாப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும், வெளிநாட்டுக்குப் போய்ப் போன் பண்ணாத மகனின் போட்டோவை எடுத்துக்கொண்டும் ஜனங்கள் அவர்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். வேறொன்றும் வேண்டாம், ஒருதரம் ‘வரும்’ என்று சொன்னால் போதும் என்றார்கள். அர்த்தநாரி வண்டியின் பழைய டிரில்லர் செங்கோடன், முப்பது வருஷமாக ராடு இறக்கிக் காது மந்தமானவர், யார் என்ன கேட்டாலும் “வருமுங், வருமுங்” என்று சொல்லியனுப்பி, அந்த ஆவணி மாதத்தில் மட்டும் எட்டு வேட்டி சம்பாதித்தார்.

ஒரே ஒரு குழியில் தண்ணீர் வரவில்லை. அது கோகிலவாணியின் குழி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணனே வண்டி கொண்டுவந்து போட்ட குழி அது. அவள் அன்று லீவு போட்டுவிட்டு, வண்டிக்காரர்களுக்குச் சோறு பொங்கி, வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு மேல் அண்ணன் வண்டியை நிறுத்தி, தலையெல்லாம் கல்மாவோடு அவளிடம் வந்து, “தொள்ளாயிரம் போயாச்சு கண்ணு. பாறை விடவே இல்ல. வரும்,” என்றார். அண்ணன் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அண்ணனின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் அவள்; கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் பிடித்திருக்க மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சபை நடுவே நின்றவள். கட்டிக்கொள்ளப் போகிறவள் வந்தாலும் கூடப்பிறந்தவளை மறக்கமாட்டேன் என்பதுதான் அந்தச் சீருக்கு அர்த்தம்.

அதனால் காத்திருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைக்குக் குளித்துவிட்டுப் போய், குழிக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, காதை வைத்துக் கேட்பாள். கல் குழாயில் மோதி மோதிப் போகும் சத்தம் கேட்கும். தண்ணீரில் விழும் சத்தம் கேட்காது. பயிர் வைத்த காடு காய்ந்தது. புருஷன் நல்லசாமி இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, “நீ கல்லப் போட்டுட்டே இரு, நான் பொழப்பப் பாக்கறேன்,” என்று திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் வேலையில் சேர்ந்து, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் விருந்தாளிபோல வந்துபோனான்.

ஊரே ஈரமாகிக் கிடக்கும்போது ஒருத்தி காடு மட்டும் காய்ந்து கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? பட்டியலில் ஒன்று போட்ட கை அவளுடையது, போட்ட கைக்குப் பலன் வராது என்றார்கள். குலதெய்வத்துக்குக் கிடாய் பாக்கி என்றார்கள். ஒன்பது வருஷம் கல்லைப் போட்டுக் குழியைத் தூர்த்துவிட்டாள் என்று சிரித்தார்கள். அண்ணன் மட்டும் போனில், “வரும் கண்ணு, உனக்கு வராம யாருக்கு வரப்போகுது,” என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம், சோற்றுப் போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு அந்த நிராகரிக்கப்பட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தாள். யாருடையதோ என்று நினைத்துத்தான் திறந்தாள். தோட்டம்: கோகிலவாணி நல்லசாமி. ராடு: முப்பத்திரண்டு. ஆழம்: தொள்ளாயிரம் அடி. காரணம் என்ற இடத்தில் புதிய விதி இப்படிச் சொல்லியிருந்தது: ராடு எண்ணிக்கையும் ஆழமும் ஒத்துவரவில்லை.

ஒரு ராடு இருபதடி. தொள்ளாயிரம் அடிக்கு நாற்பத்தைந்து ராடு வேண்டும். முப்பத்திரண்டு ராடு என்றால் அறுநூற்று நாற்பது அடிதான். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் டிரில்லர் வண்டிக் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். வாரக்கடைசியில் எல்லா வண்டிக் கோடுகளும் எண்ணப்பட்டு அலுவலகத்துக்கு வரும். ஆழத்தை மட்டும் வண்டிக்காரர் போனில் சொல்வார். இரண்டையும் இந்தப் பட்டியலில் தட்டியவள் அவளேதான். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் தன் விரலாலேயே முப்பத்திரண்டையும் தொள்ளாயிரத்தையும் போட்டிருக்கிறாள்; பழைய விதி கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த வரியைப் பார்த்தாள். அதே தேதி, அதே வண்டி, அண்ணனுடைய மாமனார் தோட்டம், இருபத்தைந்து ராடு, ஐந்நூறு அடி, மூன்று இஞ்சு.

அழுகை வரவில்லை. ஒன்பது வருஷத்து வெள்ளிக்கிழமைகள் எத்தனை என்று மனசு தன்பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தது, நிறுத்தமுடியவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டாள். வந்தார். மகன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு கையில் இருந்தது. திரையைக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

“மாமனாரு காலையில இருந்து போன் மேல போனு கண்ணு. ஒன்ற காட்டுல பொகையா வந்துட்டிருக்குது. மிச்சத்தை அடுத்த வாரம் வந்து போட்டுக் குடுத்தரலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.”

“அடுத்த வாரம்ங்களாண்ணா?”

“வண்டி ஆந்திராவுக்குப் போயிருச்சு. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்து சொல்றது?”

“என்ற வீட்டுல சோறு உண்டுட்டுத்தானுங்களே போனீங்க.”

அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “முப்பத்திரண்ட நாப்பத்தஞ்சுன்னு மாத்திரு. தேறிரும். ஒனக்கும் தண்ணி வந்துரும். ஒரே ஒரு எண்ணு கண்ணு. யாருக்கு நட்டம்?” என்றார்.

“நான் யோசிக்கோணும்ங்ண்ணா,” என்றாள். பத்திரிகையை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

யோசித்து முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் பக்கத்துக் காட்டுக்காரி ஓடிவந்து சொன்னாள். போய்ப் பார்த்தால் குழி வாயில் ஒரு இஞ்சுத் தண்ணீர், கண்ணாடிபோல வழிந்துகொண்டிருக்கிறது. ஊரே வந்து நின்று பார்த்து, “பாத்தியா, பொறந்தவன் வாக்கு பலிச்சிருச்சு,” என்று அவள் தோளைத் தட்டியது. அவள் நேரே அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தாள். ராடு: நாற்பத்தைந்து. கடைசியாகத் திருத்தியவர் என்ற கட்டத்தில் அவள் பெயரே இருந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கடவுச்சொல் கேட்டபோது, மறக்காமல் இருக்கட்டும் என்று அண்ணனின் பெயரையும் அவர் பிறந்த வருஷத்தையும் சேர்த்து வைத்திருந்தாள். அதைச் சொல்லி அண்ணனும் தங்கையும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு என்ற எண் இனி அவள் மனசைத் தவிர எங்கேயும் இல்லை. குழிக்குள் தோண்டாமல் விட்டதைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

நல்லசாமி செய்தி கேட்டு அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு, இரண்டு பைகளோடு வந்து இறங்கினான். ஒன்பது வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. பாத்தி கட்டி, மஞ்சள் கிழங்கு நட்டு, வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட்டான். தண்ணீர் பாத்திக்குள் போனது, கடைசிவரைக்கும் போனது, மடை மாற்றினால் மடை மாறியது. மண்தான் நனையவில்லை. நிறம் மாறாமல், வெளிறின புழுதியாக அப்படியே கிடந்தது. குடத்தில் பிடித்தால் குடம் நிறைந்தது, இடுப்பில் கனத்தது. கையை உள்ளே விட்டு எடுத்தால் கை காய்ந்திருந்தது. ஆடுகள் தொட்டியில் வாய்வைத்துக் கொஞ்சநேரம் குடித்துவிட்டு, தாகம் தீராமல் வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுத் தொட்டிக்குப் போயின. அதே அதிகாரி வந்து அளந்து பார்த்து, ஒரு இஞ்சு, விதிப்படி சரி என்று எழுதிக்கொண்டார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு, காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, “நல்ல தண்ணிங்,” என்றார்கள். அவர்கள் ஊர் வழக்கம் அப்படி.

“மண்ணு ரொம்ப நாள் காஞ்சு கெடந்ததுல்ல. குடிக்கறதுக்கு நாளாகும்,” என்றான் நல்லசாமி. பதினைந்து நாள் சொன்னான். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டான். அவனிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. உன் ஒன்பது வருஷத்தை என் அண்ணன் தின்றுவிட்டான் என்று எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்?

அண்ணன் மகனுக்கு முகூர்த்தக்கால் நடும் நாள் வந்தது. அத்தைதான் காலுக்கு நீர் ஊற்றவேண்டும். அந்த நீர் தங்கச்சி குழியிலிருந்துதான் வரவேண்டும் என்று அர்த்தநாரி சொல்லிவிட்டார். தன் வாக்கு பலித்ததைச் சம்பந்தி வீட்டார் பார்க்கட்டும் என்று அவருக்கு ஆசை.

“அந்தத் தண்ணி வேண்டாம்ங்ண்ணா,” என்று அவள் இரண்டு தடவை சொன்னாள்.

“ஏன் கண்ணு, நல்ல தண்ணிதானே,” என்று சிரித்தார்.

காலை ஒன்பது மணி வெயிலில், பந்தலுக்கு முன்னால் குழி தோண்டி, நவதானியம் போட்டு, பால்மரக் கொம்பை நட்டு மண்ணைத் தள்ளியிருந்தார்கள். ஊரும் உறவும் சுற்றி நின்றது. கோகிலவாணி பட்டுச்சேலையில் குடத்தைச் சுமந்து வந்து சாய்த்தாள். குடம் முழுவதும் தளதளவென்று கொட்டியது. கொட்டக் கொட்ட மண் நனையாமல், அடிவாங்கிய புழுதிபோல மேலே கிளம்பி, கொம்பைச் சுற்றிப் புகையாக எழுந்தது. நாதஸ்வரக்காரர் இருமிக்கொண்டு வாத்தியத்தை இறக்கினார். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். முப்பது வருஷப் பழக்கத்தில் செங்கோடன்தான் சத்தமாகச் சொன்னார்: “பொகைங்!”

அர்த்தநாரி அவசரமாக முன்னால் வந்தார். சம்பந்திகளைப் பார்த்து ஒரு சிரிப்பும் தங்கையைப் பார்த்து ஒரு கெஞ்சலுமாக, “வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். நாஞ்சொன்ன மாதிரி ஒன்ற குழியில தண்ணி வந்துருச்சல்ல கண்ணு? சொல்லு, வந்துருச்சல்ல?” என்றார்.

அவள் காலிக் குடத்தைக் கீழே வைத்தாள். குடத்துக்குள் கையை விட்டுத் தடவி எடுத்து, காய்ந்த உள்ளங்கையை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினாள்.

“இல்லீங்ண்ணா,” என்றாள்.

பாறைவலசில் அந்தச் சொல்லை யாரும் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

“தொள்ளாயிரமுன்னீங்க. அறுநூத்தி நாப்பதோட ராட உருவிட்டு உங்க மாமனார் தோட்டத்துக்குப் போனீங்க. முப்பத்திரண்டு ராடுதானுங்ண்ணா. நாப்பத்தஞ்சுன்னு நீங்கதான் என்ற பேருல போட்டீங்க.”

“முப்பத்திரண்டு கோடுதானுங் அம்முணி,” என்றார் செங்கோடன், இதுமட்டும் காதில் விழுந்தவராக. “நாந்தான் போட்டேன்.”

“ஒம்பது வருசமாச் சொல்லலியேய்யா,” என்று நல்லசாமி கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினான். அவன் முகத்தை அவளால் பார்க்கமுடியவில்லை.

“யாருமே கேக்கலீங்களே,” என்றார் அவர்.

அர்த்தநாரி புழுதி படிந்த சட்டையோடு நின்றார். அவர் கண்களில் நீர் கோத்திருந்தது. அது நிஜ நீர்தான், கன்னத்துப் புழுதியில் கோடு விழுந்தது. தங்கையின் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நின்று, “கல்யாணம் முடியட்டும் கண்ணு. மிச்சம் பதிமூணு ராடையும் நானே வந்து எறக்கித் தர்றேன். வரும்,” என்றார். சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை கோகிலவாணி அலுவலகத்துக்குப் போய் முதலில் கடவுச்சொல்லை மாற்றினாள். பிறகு தன் வரியைத் திறந்து, ராடு முப்பத்திரண்டு, ஆழம் அறுநூற்று நாற்பது, தண்ணீர் பூஜ்யம் என்று தட்டி அனுப்பினாள். பட்டியலின் முதல் பூஜ்யம் அது. புதிய விதி வேறொன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்குப் போனபோது குழியில் வழிவது நின்றிருந்தது. நல்லசாமி எங்கிருந்தோ ஒரு இரும்பு மூடியும் நாலு போல்ட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆளுக்கு இரண்டாக முடுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைக்குக் குளித்தாள். வாசல் மாடத்தில் வாரக்கணக்குக்குப் பொறுக்கி வைத்திருந்த கூழாங்கற்கள் ஒரு கை அளவு மிச்சம் இருந்தன. அவற்றை எடுத்துப்போய் வேலியோரம் கொட்டிவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, பக்கத்துக் காட்டுக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் கேட்கப் போனாள்.